புளூட்டோவுக்கு ஓட்டு

"மிஸ், புளூட்டோவத் தூக்கிட்டாங்களாமே, நெஜமா?"

காலை வழிபாட்டுக்கு மணி அடிக்கும் முன்பே, பள்ளி வாசலில் என் கைப்பையைப் பிடித்து நிறுத்தி ஒரு சிறுமி இப்படிக் கேட்டாள். 2006, ஆகஸ்ட் மாதக் கடைசி. நான் திருவொற்றியூரில் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. அவள் என் ஆறாம் வகுப்பு மாணவி. வகுப்பிலேயே குள்ளம், குரல் மட்டும் பெரியது.

தூக்கிட்டாங்க என்பது எங்கள் பக்கத்தில் பல வேலை செய்யும் சொல். போலீஸ் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனாலும் தூக்கிட்டாங்க. ஒப்பந்தத் தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்தினாலும் தூக்கிட்டாங்க. சாலையை அகலப்படுத்தக் கடலோர வீடுகளை இடித்தாலும் அதே சொல்தான். அந்தச் சொல்லைத்தான் அவள் புளூட்டோவுக்குப் பயன்படுத்தினாள். முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

நெஜம்தான் என்றேன். பேருந்தில் வரும்போது பேப்பரில் படித்திருந்தேன். ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் உலக வானியலாளர்கள் கூடி, கை தூக்கி ஓட்டுப் போட்டு, இனி கோள்கள் எட்டு, புளூட்டோ வெறும் குறுங்கோள் என்று முடிவு செய்திருந்தார்கள். படித்ததும் எனக்கே சட்டென்று கோபம் வந்தது. ராயபுரத்தில், ஹார்பர் வேலைக்குப் போன அப்பாவின் ஒற்றை அறை வீட்டில், புதன் வெள்ளி பூமி செவ்வாய் என்று ஆரம்பித்து புளூட்டோவில் மூச்சு வாங்கி முடித்துத்தான் நான் படிக்கவே கற்றேன். அந்தக் கடைசிச் சொல்லை யாரோ என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"அப்ப நம்ம புளூட்டோவ இன்னா பண்றது மிஸ்?" என்றாள் அவள்.

நம்ம புளூட்டோ என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆறாம் வகுப்புக்கு வெளியே, வராந்தாவின் கம்பிக் கிராதியில் ஒரு சூரியக் குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கேஸ் கட்டிங் வேலை செய்பவர். தகடுகளில் ஓட்டை போடும்போது விழுகிற வட்டத் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, ஜூலையில் ஒரு கோணிப்பையில் போட்டு அனுப்பியிருந்தார். பிள்ளைகள் துருவைத் தேய்த்து எடுத்துப் பெயின்ட் அடித்தார்கள். ஒரு டிரம் மூடி சூரியன். புளூட்டோ, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு துண்டு. அதற்கு நீலம் அடித்தவள் இவள்தான்.

அன்று முதல் பீரியடே எனக்கு ஆறாம் வகுப்பு. பாடப்புத்தகத்தில் அப்போது செடிகள் பற்றிய பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடி வைத்துவிட்டு, கோள் என்றால் என்ன என்று அந்தக் கூட்டம் முடிவு செய்திருந்த மூன்று நிபந்தனைகளைக் கரும்பலகையில் எழுதினேன். சூரியனைச் சுற்ற வேண்டும். உருண்டையாகும் அளவுக்குக் கனம் வேண்டும். தன் பாதையில் குறுக்கே கிடக்கிற மற்றவற்றை அப்புறப்படுத்தியிருக்க வேண்டும். முதல் இரண்டிலும் புளூட்டோ பாஸ். மூன்றாவதில் ஃபெயில். அது போகிற பாதையில் அதைப் போலவே நிறைய உறைந்த பாறைகள் சுற்றுகின்றன.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் குடும்பம் கடலோரத்தில் இருந்து, சாலைப் பணிக்காக வீடு போய், இப்போது உள்ளே தள்ளி ஒரு தகரக் கூரையில் இருந்தது.

"அக்கம் பக்கத்துல இருக்கறவங்கள காலி பண்ணாத்தான் கோளா மிஸ்?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "அந்த மாதிரி இல்லப்பா, அது ஈர்ப்பு விசை," என்று ஆரம்பித்தேன். பிறகு, கேள்வி அவ்வளவு தப்பில்லை என்று தோன்றியதால், "சரி, அப்டியே வச்சிக்கோ. பெரிசா இருக்கறது தன் வழியில இருக்கற சின்னதுங்கள இழுத்துக்கும், இல்ல தூர எறிஞ்சிடும். புளூட்டோவால அது முடியல," என்றேன்.

"அது நல்லதுதானே மிஸ்," என்றான்.

இன்னொருத்தி கோயில் நவக்கிரகத்தைக் கொண்டுவந்தாள். அங்கே இன்னும் ஒன்பதுதான் இருக்கிறது, நேற்றுதான் சுற்றிவிட்டு வந்தேன் என்றாள். அந்த ஒன்பதில் சூரியனும் சந்திரனும் ராகு கேதுவும் உண்டு, புளூட்டோ கிடையாது, பூமியும் கிடையாது, அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு என்று இரண்டு வரிசையாகப் பலகையில் எழுதிக் காட்டினேன். இரண்டும் ஒன்பதாக இருந்ததால் இத்தனை வருடம் பிள்ளைகள் ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள் என்பது எனக்கே அன்றுதான் புரிந்தது. ஒன்று எட்டாகாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் குள்ளப் பெண் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "வியாழன் போற வழியிலயும் கல்லுங்க கீதுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்கோ. அத்த மட்டும் ஏன் தூக்கல?"

"அது அந்தக் கல்லுங்கள எல்லாம் தன் பிடிக்குள்ள வச்சிருக்கு."

"பெரிய ஆளுன்னா வுட்ருவாங்க, சின்ன ஆளுன்னா தூக்குவாங்க. அதானே மிஸ்?"

மணி அடித்தும் அவர்கள் வெளியே போகவில்லை. எட்டு என்று ஒரு கூட்டம், ஒன்பது என்று ஒரு கூட்டம். இரண்டும் வராந்தாவில் நின்று இரும்பு வட்டங்களைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தன. ஆறு வருடமாக நான் பாடம் நடத்தியிருந்தேன். ஒரு பாடத்துக்காகப் பிள்ளைகள் இன்டர்வெல்லை விட்டதை அதற்கு முன் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார். தென் மாவட்டத்துக்காரர். நேர்மையானவர், பள்ளிக்கு முதலில் வருபவர், கடைசியில் போகிறவர். விஷயத்தைச் சொன்னேன். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"டீச்சர், புக்குல என்ன போட்டிருக்கு?"

"ஒன்பது சார்."

"அப்ப ஒன்பது. புக்கு மாறினா நாமளும் மாறுவோம். அதுவரைக்கும் பிள்ளைகளைக் குழப்பாதீங்க."

"குழம்பல சார். சண்டை போடுறாங்க."

"இந்த ஏரியாப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அதிகம் டீச்சர். பாஸ் பண்ணி ஒரு ஐடிஐக்குப் போனாப் போதும். வானத்தையே இதுங்க ஒழுங்காப் பாத்திருக்காது."

கடைசியாகச் சொன்னது பொய்யில்லை. அனல் மின் நிலையத்துப் புகையும், மணலி சுத்திகரிப்பு ஆலையின் தீயும், துறைமுகத்தின் மஞ்சள் விளக்குகளும் சேர்ந்து எங்கள் வானத்தை எப்போதும் ஒரு அழுக்குப் போர்வை போல வைத்திருந்தன. வெள்ளி தெரியும், வியாழன் தெரியும். மற்றதெல்லாம் படம்தான். ஆனால் புளூட்டோவை யாருமே வெறும் கண்ணால் பார்க்க முடியாது. தெற்கே வசதியான அடையாறில் இருக்கிற பிள்ளைக்கும் அது படம்தான். அந்தப் பிள்ளையிடம் யாராவது, உனக்கு இது அதிகம், நீ பழையதையே வைத்துக்கொள் என்று சொல்வார்களா? இதைச் சொன்னவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். அவர் அக்கறையோடுதான் சொன்னார்.

"எனக்கும் இதே ஏரியாதான் சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

காலாண்டுத் தேர்வு வந்தது. வினாத்தாள் வெளியிலிருந்து, பல பள்ளிகளுக்கும் பொதுவாக அச்சாகி வருவது. கோடிட்ட இடத்தை நிரப்புக என்பதன் கீழ் அந்தக் கேள்வி இருந்தது: சூரியக் குடும்பத்தில் உள்ள கோள்களின் எண்ணிக்கை. கூடவே வந்த விடைக்குறிப்பில் ஒன்பது.

என் பிள்ளைகளில் சிலர் ஒன்பது எழுதினார்கள். பலர் எட்டு எழுதினார்கள். அந்தப் பெண் கோடிட்ட இடத்தில் எதுவும் எழுதாமல், ஓரத்தில் குறுக்காக எழுதியிருந்தாள்: விஞ்ஞானிகள் எட்டு என்கிறார்கள், புத்தகம் ஒன்பது என்கிறது, புளூட்டோ உருண்டையாக இருப்பதாலும் சூரியனைச் சுற்றுவதாலும் நான் ஒன்பது என்கிறேன், பூமிக்குப் பக்கத்திலும் கல் வருகிறது.

எல்லோருக்கும் மதிப்பெண் போட்டேன். ஒன்பதுக்கும் போட்டேன், எட்டுக்கும் போட்டேன், ஓரத்தில் எழுதியதற்கும் போட்டேன்.

விடைத்தாள்கள் தலைமையாசிரியரின் மேஜையிலிருந்து திரும்பி வந்தன. எட்டு என்று எழுதியவர்களுக்குத் தப்புப் போடச் சொல்லியிருந்தார். நான் அப்படியே திருப்பி அனுப்பினேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் அனுப்பினேன். விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிய ஆயாம்மா, "இன்னா மிஸ், உங்க ரெண்டு பேருக்கும் என் முட்டிதான் கெடச்சுதா?" என்று படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன்.

"சார், எட்டுன்னு எழுதினது சரியான பதில். சரியான பதிலுக்குத் தப்புப் போட என் கை வராது."

"கீ ஆன்சர்ல இல்லையே டீச்சர். நாளைக்கு இன்ஸ்பெக்ஷன்ல கேட்டா நான் என்ன சொல்ல?"

"என்னைக் கூப்பிடுங்க. நான் சொல்றேன்."

அவர் என்னிடம் எழுத்துமூலமாக விளக்கம் கேட்டார். பாடத்திட்டத்துக்கு வெளியே நடத்தியது ஏன் என்று. நான் எழுதிக் கொடுத்தேன். பாடநூலில் இருப்பதை நடத்தினேன், பாடநூல் அச்சான பிறகு நடந்ததையும் நடத்தினேன், இனியும் நடத்துவேன். மூன்றாவது வாக்கியம் வேண்டாம் என்று பக்கத்து வகுப்பு ஆசிரியை கையைப் பிடித்தார். அதை எழுதும்போதுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது. அதனால் அதை விட்டுவிட முடியவில்லை.

அத்தோடு அவர் விடவில்லை. விடைத்தாளில் வாதம் செய்ததற்காக அந்தப் பெண்ணின் அப்பாவை வரச் சொன்னார். வேலை நேரத்தில், முழங்கையில் தீப்பொறி பட்ட தழும்புகளோடு, சட்டையில் இரும்புத் தூளோடு அவர் வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னபோது, அழுக்காகிவிடும் என்று நின்றே பேசினார்.

"உங்க பொண்ணு பரீட்சைப் பேப்பர்ல எதிர்த்துப் பேசுது," என்றார் தலைமையாசிரியர்.

"எய்துனது தப்பா சார்?"

"தப்பு சரி இல்ல விஷயம். கேட்டதுக்குப் பதில் எழுதணும். விவாதம் பண்ணக் கூடாது."

அவள் அப்பா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "தப்புன்னா சொல்லுங்க சார், திருத்திக்கச் சொல்றேன். எதிர்த்துப் பேசுதுன்னா நான் இன்னா பண்ண முடியும்? வூட்லயும் அப்டித்தான். அவங்கம்மா அப்டி. நானே இன்னும் ஜெயிக்கல."

தலைமையாசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். ரேங்க் கார்டு கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியதால் நான் போட்ட மதிப்பெண்களிலேயே கையெழுத்துப் போட்டார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஜனவரியில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. சிறப்பு விருந்தினராக, பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் பெரிய அதிகாரி வருவதாக ஏற்பாடு. முந்தைய நாள் தலைமையாசிரியர் வராந்தாவுக்கு வந்து, இரும்பு வட்டங்களை மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனார். நீல வட்டத்தருகே நின்றார்.

"டீச்சர், இதைக் கழட்டிடுங்க."

"எதை சார்?"

"புளூட்டோவை. வர்றவர் படிச்சவர். பேப்பர்லயெல்லாம் வந்துடுச்சு. இன்னும் ஒன்பது தொங்கவிட்டிருக்கோம்னா நம்ம ஸ்கூலைப் பத்தி என்ன நினைப்பார்?"

நான் அவரையே பார்த்தேன். "சார், காலாண்டுல எட்டுன்னு எழுதினவங்களுக்குத் தப்புப் போடச் சொன்னீங்க."

"அது பரீட்சை. இது வேற."

பிள்ளைகள் சுற்றி நின்றிருந்தார்கள். பரீட்சைக்கு ஒன்று, பெரியவர் வந்தால் ஒன்று. இதை அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார் என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. பிள்ளைகளுக்கு எட்டும் ஒன்பதும் மறந்து போகும். ஆள் பார்த்துப் பதில் மாறும் என்பது மறக்குமா?

"கழட்ட மாட்டேன் சார்," என்றேன். வகுப்பே என் வாயைப் பார்த்தது. "அது கோளா இல்லையான்னு பிள்ளைங்க பக்கத்துல நின்னு விளக்கம் சொல்வாங்க. வர்றவர் கேட்டுட்டுப் போகட்டும்."

அவர் தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார். அவர் போனதும் அந்தப் பெண் என் புடவைத் தலைப்பை இழுத்தாள்.

"மிஸ், அவங்கோ ஓட்டுப் போட்டுத்தானே தூக்குனாங்கோ. நாமளும் ஓட்டு வைக்கலாமா?"

எனக்கு ஒரு நொடி தயக்கம். உண்மையை ஓட்டுப் போட்டு முடிவு செய்ய முடியாது என்பது அறிவியல் ஆசிரியை சொல்ல வேண்டிய முதல் பாடம். ஆனால் அங்கே ஓட்டுக்கு விடப்பட்டது புளூட்டோவைப் பற்றிய உண்மை அல்ல. அதன் அளவு மாறவில்லை, பாதை மாறவில்லை, குளிர் மாறவில்லை. மனிதர்கள் வைத்த ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதைத்தான் ஓட்டுப் போட்டார்கள். இந்த வித்தியாசத்தை எந்தப் பாடமும் இவ்வளவு நன்றாகச் சொல்லாது என்று பட்டது.

"வைக்கலாம். ஆனா விளக்கம் கேக்காம யாரும் ஓட்டுப் போடக் கூடாது. கோள் இல்லன்ற பக்கத்தையும் நீதான் சொல்லணும். ஒழுங்கா சொல்லணும்."

"அதையும் நானா?" என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் வராந்தாவில் இரண்டு பால் பவுடர் டின்கள். ஒன்றில் கோள், மற்றதில் கோள் இல்லை என்று ஒட்டியிருந்தது. ஓட்டுக்குப் பதில், அவள் அப்பா மறுபடியும் கொடுத்தனுப்பிய பொடி இரும்பு வில்லைகள். மூன்று நிபந்தனைகளையும் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தோம். தலைமையாசிரியர் டின்களைப் பார்த்தபோது விருந்தினரின் கார் உள்ளே நுழைந்துவிட்டிருந்தது. அதனால் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

விருந்தினர் பொறுமையானவர். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். வில்லையை நீட்டியபோது வாங்கவில்லை.

"அறிவியல்ல ஓட்டெல்லாம் கெடையாதும்மா."

"அங்க போட்டாங்களே சார்."

"அது விஷயம் தெரிஞ்சவங்க போட்டது."

"எங்களுக்கும் மிஸ் சொல்லிக் குடுத்துட்டாங்க சார். உங்களுக்கும் இப்ப நான் சொல்லிட்டேன்," என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். வில்லையை வாங்கி, கோள் இல்லை என்ற டின்னில் போட்டார். அவள் முகம் வாடியது. ஆனால் "தேங்க்ஸ் சார்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவளை நினைத்து நான் பெருமைப்பட்ட தருணங்கள் பல உண்டு. தனக்கு எதிராக விழுந்த ஓட்டை அவள் வாங்கிக்கொண்ட விதம் அவற்றில் முதலாவது.

அவர் போனதும் தலைமையாசிரியர் டின்களை எடுக்கச் சொன்னார். நான் முடியாது என்றேன். அதற்குள் முதல் ஷிஃப்ட் முடிந்தவர்கள் வாசலில் வர ஆரம்பித்துவிட்டார்கள். சைக்கிளில், லாரியில் தொற்றி, நடந்து. பெற்றோர் கூட்டம் என்றால் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்தார்கள். பிள்ளைகள் வீடு வீடாகப் போய், ஓட்டுப் போட வாங்க என்று கூப்பிட்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த மாலை வராந்தாவில் கேட்ட பேச்சை நான் வேறெங்கும் கேட்டதில்லை. கன்டெய்னர் லாரி ஓட்டுகிற ஒருவர், "எவ்ளோ தூரம் கீது அது? அங்கேர்ந்து வெளிச்சம் வரவே மணிக்கணக்காவுமா?" என்று கேட்டுவிட்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அம்மா எல்லா விளக்கத்தையும் கேட்டுவிட்டு, ரூல்னா ரூல்தான் என்று எட்டுக்குப் போட்டார். அவர் மகன் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டான். சாத்தாங்காட்டிலிருந்து வந்த கூட்டம் ஒட்டுமொத்தமாக ஒன்பதுக்குப் போட்டது. தலைமையாசிரியர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதோ அவரும் கூட்டத்துக்குள் வந்து, மூன்றாவது நிபந்தனையை அட்டையில் வாசித்து, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று அந்தக் கடலோரத்துப் பையனிடம் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பையன் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒரு டின் நிரம்பி வழிந்தது. திருவொற்றியூரில் புளூட்டோ அமோகமாக ஜெயித்தது.

அடுத்த நாள் வகுப்பில் சொன்னேன். "நீங்க ஜெயிச்சிட்டீங்க. ஆனா இதனால புத்தகம் மாறாது. உலகம் எட்டுன்னுதான் சொல்லும். புளூட்டோவுக்கு இந்த ஓட்டு எதுவும் தெரியாது. அது அது பாட்டுக்குச் சுத்தும்."

"அப்ப அவங்க போட்டதும் அதுக்குத் தெரியாதுல்ல மிஸ்?" என்றாள் அவள்.

இல்லை என்றேன். நான் நடத்த நினைத்திருந்த பாடம் அதுதான். அவளே நடத்தி முடித்துவிட்டதால் செடிகளுக்குத் திரும்பினோம்.

சில வருடங்களில் பாடப்புத்தகம் மாறியது. கோள்கள் எட்டு என்று அச்சாகி வந்தது. அந்தப் பெண் அதற்குள் எங்கள் பள்ளியை முடித்து மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். புதுப் புத்தகத்தைத் தலைமையாசிரியரே என் மேஜைக்குக் கொண்டுவந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார். அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது.

"உங்க எட்டு வந்துடுச்சு டீச்சர். இப்ப சந்தோஷந்தானே?"

"எட்டு என்னோடது இல்ல சார்," என்றேன். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்.

நான் விளையாடவில்லை என்பது அந்த ஆண்டுத் தேர்வில் தெரிந்தது. இப்போது விடைக்குறிப்பில் எட்டு. ஒரு பையன் ஒன்பது என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் காரணமும் எழுதியிருந்தான். அண்ணனின் பழைய புத்தகமோ, வராந்தாவில் அப்போதும் தொங்கிய நீல வட்டமோ, எதுவோ. புளூட்டோ உருண்டையாக இருக்கிறது, அதற்கு நிலாக்கள் உண்டு, ஆகவே ஒன்பது. அவனுக்குத் தப்புப் போடச் சொன்னார்கள். முன்பு ஒன்பதைப் பிடித்துக்கொண்டு எட்டை அடித்த அதே சிவப்பு மை, இப்போது எட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்பதை அடிக்கப் பார்த்தது. ஏன் எட்டு என்று என் வகுப்பைத் தவிர வேறெங்கும் யாரும் சொல்லவில்லை. ஒன்பதை எப்படி ஒப்பிக்க வைத்தார்களோ அப்படியே எட்டையும் ஒப்பிக்க வைத்தார்கள்.

நான் அவனுக்கு மதிப்பெண் போட்டேன். விடைத்தாள் திரும்பி வந்தது. திருப்பி அனுப்பினேன். ஆயாம்மா என்னைப் பார்த்ததுமே, "ஆரம்பிச்சிட்டியா மிஸ்?" என்றார்.

இந்த முறை தலைமையாசிரியர் விளக்கம் கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அறைக்கு வந்து, உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒன்பதுன்னா சண்டை, எட்டுன்னாலும் சண்டை. உங்களுக்கு என்னதான் வேணும் டீச்சர்?"

"கேள்வி தப்பு சார். எத்தனைன்னு கேட்டா ஒரு நம்பர்தான் வரும். ஏன்னு கேக்கணும்."

"அப்படிக் கேட்டா இவங்க எழுதுவாங்களா?"

"மாதத் தேர்வுக்கு நான் கேள்வித்தாள் போடுறேன். பாருங்க."

அடுத்த கல்வியாண்டின் முதல் மாதத் தேர்வில் ஒரே ஒரு பெரிய கேள்வி வைத்தேன். புளூட்டோவைக் கோள் என்று சொல்லலாமா, கூடாதா? உன் காரணங்களை எழுது. எந்தப் பக்கம் எழுதினாலும் மதிப்பெண் உண்டு, காரணம் இல்லாவிட்டால் எந்தப் பக்கத்துக்கும் கிடையாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

பேனாவைக் கடித்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "மிஸ், தப்பா எய்தினா?" என்றாள்.

"யோசிச்சு எழுதினியான்னுதான் பாப்பேன்."

தலைகள் குனிந்தன. வெளியே சாலையில் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. யாரும் நிமிரவில்லை. வழக்கமாகப் பாதித் தாளைக் காலியாகக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவன் கையைத் தூக்கினான். வெளியே போகத்தான் கேட்கிறான் என்று நினைத்துத் தலையசைத்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. கையை இறக்கவும் இல்லை.

"இன்னொரு பேப்பர் குடுங்க மிஸ்," என்றான்.